தோழியே, நீ எங்கே?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

'மகளிர் மட்டும்' என்னும் பெயரில் தமிழில் இரண்டு திரைப்படங்கள் உண்டு. முதலாவது 1994-ஆம் ஆண்டில் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் வெளிவந்தது. ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மூன்று பெண்களின் கதை அது. இரண்டாவது 2017 செப்டம்பரில் பிரம்மா இயக்கத்தில் வெளிவந்தது. பள்ளியில் ஒன்றாகப் படித்துப் பிரிந்துபோன மூன்று தோழியர், தலையில் நரை விழுந்த பிறகு மீண்டும் சந்திக்கும் கதை இது. இரண்டு படங்களிலும் ஊர்வசி நடித்திருக்கிறார் என்பது சுவையான ஒற்றுமை. நான் இங்கே எழுத வந்தது இரண்டாவது படத்தைப் பற்றி.

"பள்ளி மலரில் சினிமாக் கட்டுரையா?" என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அன்புத் தோழியரே, இது நடிகர் நடிகையரின் புகழ் பாடும் கட்டுரை அன்று. இந்த மலர் உங்கள் கைக்கு வந்த சில வாரங்களில் நாம் பொதுத்தேர்வை எழுதி முடித்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுவோம். அப்படிப் பிரியப்போகும் பெண்களாகிய நம்மைப் பார்த்து அந்தப் படம் ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்து என் அம்மாவை எழுப்பிவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-ஆம் ஆண்டு. கன்னியர் நடத்தும் பள்ளி ஒன்றில் கோமாதா, ராணி, சுப்புலட்சுமி என்று மூன்று பெண்கள் இணைபிரியாமல் இருக்கிறார்கள். ஓர் இளமைக் குறும்பு பெரிதாகிப் பள்ளியை விட்டே பிரிய நேர்கிறது. அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கோமாதா கணவரை இழந்தவர், மகன் வெளிநாட்டில். ராணியின் வீட்டில் ஆண்கள் வைத்ததுதான் சட்டம். அவர் சமைக்கவும் பரிமாறவும் மட்டுமே. சுப்புலட்சுமிக்கோ குடிகாரக் கணவரும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும். இந்த மூவரையும் தேடிச் சேர்த்துவைப்பவள் யார் தெரியுமா? கோமாதாவின் வருங்கால மருமகள் பிரபாவதி! ஆவணப்படம் எடுக்கும் அந்தப் பெண், முகநூலில் துருவித் துருவிப் பழைய தோழியரைக் கண்டுபிடிக்கிறாள். பிறகு மூவரையும் வீட்டுப் பொறுப்புகளிலிருந்து விடுவித்துச் சில நாள் பயணமாக வெளியூருக்கு அழைத்துச் செல்கிறாள். ஜோதிகா இந்தப் பாத்திரத்தில் புல்லட் ஓட்டிக்கொண்டு வருகிறார். மாமியாரும் மருமகளும் கீரியும் பாம்புமாகச் சண்டையிடும் கதைகளையே பார்த்துப் பழகிய நமக்கு, மாமியாரின் தோழியைத் தேடித்தரும் மருமகள் ஒரு புதுமை அல்லவா?

பழைய தோழர்கள் கூடும் கதை தமிழுக்குப் புதிதன்று. 2004-இல் சேரன் எடுத்த 'ஆட்டோகிராப்' படத்தில் நாயகன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய நண்பர்களைத் தேடிப் போகிறான். 2018-இல் வந்த '96' படத்தில் தஞ்சாவூரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடுகிறார்கள். ஆனால் இவ்விரண்டின் நெஞ்சும் காதலில்தான் இருக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை, அவள் தன் தோழி என்ற ஒரே காரணத்துக்காகத் தேடிப்போகும் கதை மிகவும் அரிது. அந்த அரிய கதைதான் 'மகளிர் மட்டும்'.

சினிமாவை விடுங்கள். நாம் படித்த பழைய கதைகளை எண்ணிப் பாருங்கள். சாந்தீபனி முனிவரிடம் கண்ணனும் குசேலரும் ஒன்றாகப் படித்தார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கந்தல் துணியில் அவலை முடிந்துகொண்டு குசேலர் துவாரகைக்குப் போகிறார். அரண்மனைக் கண்ணன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். பள்ளித் தோழர்கள் நடுத்தர வயதில் சந்தித்த கதைகளுக்கெல்லாம் அதுவே மூத்த கதை என்று எனக்குத் தோன்றுகிறது. "உங்கள் பழைய நண்பரைப் போய்ப் பாருங்கள்" என்று குசேலரை அனுப்பிவைத்தவர் அவருடைய மனைவி. அந்த மனைவிக்கு ஒரு தோழி இருந்தாளா? அவளை யாராவது போய்ப் பார்த்துவரச் சொன்னார்களா? கதை அதைச் சொல்லவில்லை.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் காணாமலே நண்பர்களாக இருந்தார்கள் என்று படிக்கிறோம். கபிலரும் பாரியும், கர்ணனும் துரியோதனனும் என்று பட்டியல் நீளுகிறது. எல்லாரும் ஆண்களே. தேடிப் பார்த்ததில் சிலப்பதிகாரத்தில் ஒரு தேவந்தி கிடைத்தாள். கண்ணகியின் தோழியாகிய அவள், புகாரில் பிறந்த பெண், தன் தோழியைக் காணச் சேர நாட்டு வஞ்சி வரை வருகிறாள். ஆனால் அவள் அங்கே காண்பது கோயிலில் கல்லாக நிற்கும் கண்ணகியைத்தான். பெண்ணின் நட்பு எப்போதும் இப்படித் தாமதமாகத்தான் போய்ச் சேர வேண்டுமா என்று எண்ணி வருந்தினேன்.

வள்ளுவப் பெருந்தகை நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் பாடியிருக்கிறார். அவற்றுள் 81-ஆவது அதிகாரத்தின் பெயர் 'பழைமை'. நெடுநாளைய நட்புக்கென்றே ஓர் அதிகாரம்! அந்த அதிகாரத்தின் அருமையை நான் நூலில் உணர்ந்ததைவிட வீட்டில் உணர்ந்ததே அதிகம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மதியம் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. அம்மா உளுந்து நனைத்துவைத்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார்கள். என் அம்மா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை செய்கிறவர்கள். படம் பார்க்கும்போது தூங்கிவிடுவது அவர்கள் வழக்கம். அன்று தூங்கவில்லை. படம் முடிந்ததும், "அம்மா, உங்களுக்கு இப்படித் தோழி யாரும் இல்லையா?" என்று கேட்டேன். அம்மா ஒரே ஒரு பெயரைச் சொன்னார்கள். பிறகு எழுந்துபோய் உளுந்தை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம் பள்ளியில் வகுப்புக்கு இரண்டு பேருக்கு இருக்கும் பெயர் அது என்று மட்டும் சொல்லலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அம்மாவும் அவரும் ஒரே பெஞ்சு. 1994-இல் இருவரும் பத்தாம் வகுப்பு முடித்தார்கள். முதல் 'மகளிர் மட்டும்' வந்த அதே ஆண்டு. கணக்கில் எப்போதும் அவர்தான் முதல். "அவ சொல்லித் தரலேன்னா நான் கணக்குல தேறியிருக்கவே மாட்டேன்" என்பார்கள் அம்மா. 1996-இல் பிளஸ் டூ முடிந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த அவருடைய அப்பாவுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. அம்மா பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர்ந்தார்கள். அவருக்கு மறு ஆண்டே திருமணம். அம்மா கடிதம் எழுதினார்கள். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார்கள். 1998-இல் எழுதிய இன்லண்டு லெட்டர், அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பிரிக்கப்படாத அந்த நீலக் கடிதத்தை அம்மா இன்னும் தம்முடைய சான்றிதழ்க் கோப்பில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது அதுவரை தெரியாது.

பிரபாவதியைப் போல நானும் முகநூலில் தேடிவிடலாம் என்று எண்ணினேன். படத்தில் அது சில நிமிடங்களில் முடிகிறது. எங்களுக்கு முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை யோசித்தபோதுதான் ஒரு பெரிய உண்மை புலப்பட்டது.

என் அப்பாவுடன் படித்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்படவில்லை. அவர்களுடைய இனிஷியல் மாறவில்லை. பலருக்குத் தெருவும் மாறவில்லை. வெளியூர் போனவர்களும் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ அதே வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மாலையில் அதே தேநீர்க்கடையில்தான் நிற்கிறார்கள். பெண்ணின் நிலை என்ன? திருமணம் ஆனதும் தந்தையின் எழுத்துப் போய்க் கணவரின் எழுத்து வருகிறது. ஊர் மாறுகிறது, வீடு மாறுகிறது. தாய்வீட்டுக்கு வரும் இரண்டு நாளில் தோழி வீட்டுக்குப் போக நேரம் ஏது? பெற்றோர் காலமானபின் அந்த இரண்டு நாளும் இல்லை. முகநூலில் அந்தப் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தங்கள் முகத்தையே வைத்திருக்கவில்லை. ரோஜாப்பூ, குழந்தை, வேளாங்கண்ணி மாதா, கணவரின் படம்! இதில் அம்மாவின் தோழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்கள் நட்பைப் போற்றுகிறார்கள். பெண்கள் மறந்துவிடுகிறார்கள் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். மறக்கவில்லை, தோழியரே! முகவரிதான் தொலைகிறது.

கடைசியில் வழிகாட்டியது அம்மா படித்த பள்ளியின் பழைய மாணவியர் குழுதான். வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. "இவளை யாருக்காவது தெரியுமா?" என்று அம்மா ஒரு பழைய வகுப்புப் புகைப்படத்தில் அந்த முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், அவருடைய தம்பியை ஒரு திருமண வீட்டில் பார்த்ததாக எழுதினார். தம்பியின் எண் கிடைத்தது. அவர், "அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எண்ணைத் தருவேன்" என்றாராம். அது முறைதானே! கேட்டார். பதில் வரப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் அம்மா கைப்பேசியைச் சமையலறை ஜன்னலில் சாய்த்துவைத்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

அவர் இருந்தது விருதுநகரில். எங்கள் திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ரயிலில் இரண்டு மணிநேரம். மதுரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அம்மா அந்த ஊரைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக!

நானும் அம்மாவும் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை போனோம். அம்மா சந்தையில் தேடி ஒரு பை கொடுக்காப்புளி வாங்கிக்கொண்டார்கள். பள்ளி வாசலில் ஒரு பாட்டியிடம் இருவரும் தினமும் வாங்கித் தின்றது அது. ரயிலில் அம்மா ஒன்றும் பேசவில்லை. கோவில்பட்டி தாண்டியதும், "என்னை அடையாளம் தெரியுமா ஏட்டி?" என்று என்னைக் கேட்டார்கள்.

ஒரு சந்தில் சிறிய ஓட்டுவீடு. திண்ணையில் தையல் இயந்திரம். வாசலில் நின்றவரை அம்மா பார்த்தார்கள், அவரும் பார்த்தார். படத்தில் வருவதுபோல ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. "வாட்டி" என்றார் அவர். "வாரேன்ட்டி" என்றார்கள் அம்மா. அவ்வளவுதான். என் அம்மாவை ஒருவர் 'ஏட்டி' என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஆச்சி காலமானபின் அம்மாவை அப்படிக் கூப்பிட உலகத்தில் யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.

நான், "வணக்கம் ஆன்ட்டி" என்றேன். "ஆன்ட்டியாவது! சித்தின்னு கூப்பிடுட்டி" என்று அதட்டினார். ஆகவே இனி அவரைச் சித்தி என்றே எழுதுகிறேன்.

முதல் அரைமணி நேரம் மிகவும் கடினமாக இருந்தது. உன் பெண் எத்தனை மதிப்பெண், என் பையன் எங்கே வேலை என்று இருவரும் அந்நியர்களைப்போலப் பேசினார்கள். சித்தியின் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ரவிக்கை தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார். பேச்சு நின்று நின்று போயிற்று. அப்போது இயந்திரத்தின் மேல் கிடந்த அளவு நோட்டை அம்மா சும்மா எடுத்துப் புரட்டினார்கள். மார்பளவு, கையளவு என்று வரிவரியாக எண்கள். ஒரு பக்கத்தில் அம்மாவின் விரல் நின்றது. "இன்னும் ஏழுக்கு நடுவுல கோடு போடுதியாட்டி?" என்றார்கள். சித்தி சிரித்தார். பிறகு சிரிப்பு அழுகையாயிற்று. அம்மாவும் அழுதார்கள். நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். ஆனாலும் எல்லாம் காதில் விழுந்தது.

"ஏன்ட்டி பதிலே போடல?" என்று அம்மா கேட்டார்கள்.

சித்தி சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்: "கடைசி லெட்டர் வரல. நாங்க வீடு மாறிட்டோம். ஆனா முதல்ல போட்ட ரெண்டும் வந்துச்சு. பதில் எழுத உக்காருவேன். நீ காலேஜு, லேபு, லைப்ரரின்னு எழுதியிருப்ப. நான் என்னத்த எழுத? இன்னைக்கு ரசம் வச்சேன்னு எழுதவா?"

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதியிருக்கலாம்லாட்டி. நான் ரசத்தைப் பத்தியே படிச்சிருப்பேனே" என்றார்கள்.

கணக்கில் முதல் மாணவி. மேலே படிக்க ஆசைப்பட்டவர். "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தம்மிடம் கணக்குக் கேட்டுப் படித்த தோழி கல்லூரிக்குப் போகிறாள், தாம் போகவில்லை. அந்த வெட்கம் ஒரு சுவராக எழும்பிவிட்டது. பதினொரு நாள் பதில் வராததற்கும் அதுவே காரணமாம். "எந்த மூஞ்சிய வச்சுட்டு உன்னப் பாக்கன்னு இருந்துச்சு" என்றார். முகவரி தொலைவது மட்டும்தான் பெண்களைப் பிரிக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய காரணம் இது. ஒருத்தி படிக்க, ஒருத்தி நின்றுவிட்டால், இடையில் ஓர் ஆறு ஓடத் தொடங்கிவிடுகிறது. அக்கரையில் நிற்பவளுக்கு இக்கரையிலிருந்து கடிதம் போட்டால் மட்டும் போதாது.

மதியம் சித்தி எங்களை விடவில்லை. விருதுநகரின் புகழ்பெற்ற எண்ணெய் பரோட்டா வாங்கிவரச் செய்தார். அதோடு வீட்டில் ரசமும் வைத்தார்! "எழுதாத லெட்டரு இதுதான், குடி" என்று அம்மாவுக்கு ஒரு தம்ளரில் ஊற்றிக்கொடுத்தார். சாப்பிட்டபின் இருவரும் கொடுக்காப்புளியைத் தின்று கொட்டைகளை எண்ணி விளையாடினார்கள். நாற்பத்தாறு வயதில்! ஊர் திரும்பும்போது அம்மாவுக்கு அளவெடுத்து, மறு மாதமே ஒரு ரவிக்கை தைத்து அனுப்பினார். அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் பூசைக்குப் போகிறார்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். அது நல்ல படம். மனத்தை மகிழ்விக்கும் படம். ஆனால் சித்தியைப் பார்த்தபின் எனக்கு ஒன்று தோன்றியது. படத்தில் மூன்று தோழியரும் சில நாள் மகிழ்ந்திருக்கிறார்கள். அந்தச் சில நாளுக்காக அவர்கள் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. புல்லட் ஓட்டத் தெரிந்த, நல்ல உள்ளம் படைத்த ஒரு மருமகள் வந்ததால் அதுவாவது நடந்தது. வராதவர்களின் கதி என்ன? 2015-இல் வந்த '36 வயதினிலே' படத்திலும் இப்படித்தான். குடும்பத்துக்குள் தன்னைத் தொலைத்துவிட்ட வசந்திக்கு, அவள் முன்பு யாராக இருந்தாள் என்று நினைவூட்டப் பழைய கல்லூரித் தோழி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருக்கிறது. பிரிந்தபின் தேடுவது அழகான கதைதான். பிரியாமலே பார்த்துக்கொள்வது அதைவிட அழகல்லவா?

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் வகுப்பிலேயே ஒரு சித்தி உருவாகிக்கொண்டிருந்தாள்.

என் பக்கத்தில் அமர்பவளைப் பற்றி அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அவளும் கணக்கில் கெட்டிக்காரி. அவள் அப்பாவுக்கு உடல்நலமில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவளை வெளியூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவு. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்களாம். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு ஒருநாள் இடைவேளையில் அவள் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ ப்ளஸ் ஒன்ல என்னென்ன நடத்துனாங்கன்னு எனக்கு மெசேஜ் பண்ணுவியா?" என்று கேட்டாள். எனக்கு அந்த நீலக் கடிதம் கண்ணெதிரே தோன்றியது. அவளிடம் சித்தியின் கதை முழுவதையும் சொன்னேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சித்திக்குப் பேசினார்கள். மறுநாள் சித்தி தாமாகவே அவளுடைய அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினார். முன்பின் தெரியாதவர்! என்ன பேசினார் என்று எனக்கு முழுவதும் தெரியாது. "நான் நல்லாப் படிச்ச பிள்ள. என்ன நிப்பாட்டினாங்க. இன்னைக்கு வரைக்கும் ரவிக்கைத் துணியிலதான் கணக்குப் போடுதேன்" என்று சொன்னாராம். நம் வகுப்பு ஆசிரியையான சிஸ்டரும் அவள் பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இல் தொடங்கியதையும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னார்கள். பட்டப்படிப்பில் சேர முதலில் பிளஸ் டூ முடிக்க வேண்டும் என்பதையும் விளக்கினார்கள்.

அவள் அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் முன்பு "முடியாது" என்றவர், இப்போது "ரிசல்ட் வரட்டும், பாப்போம்" என்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இப்போது இரவு பதினொரு மணிவரை படிக்கிறாள். நானும் படிக்கிறேன்.

படத்தின் தோழியர் பிரிந்த 1978-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. அதற்கு முன் பள்ளிப்படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போய்ப் புகுமுக வகுப்புப் படிக்க வேண்டும். பல ஊர்ப் பெண்களுக்கு அது எட்டாக் கனி. இன்று பன்னிரண்டாம் வகுப்பு நம் பள்ளியிலேயே மாடியில் இருக்கிறது. இருபது படிகள்தான். அந்த இருபது படிகளை நம்முள் ஒருத்திகூட ஏறாமல் நின்றுவிடக் கூடாது என்பதே என் அவா.

ஆகவே தோழியரே, நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். ஒரு நீளமான நோட்டு வாங்கினோம். அதில் நம் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர், தந்தையின் இனிஷியலோடு. கைப்பேசி எண் வேண்டாம், அது மாறிவிடும். எளிதில் மாறாத ஒரு முகவரி வேண்டும்: ஆச்சி வீடோ, மாமா கடையோ, பங்குக் கோயிலோ. 'எனக்கு மிகவும் பிடித்த பாடம்' என்று ஒரு வரி. நாளை நாமே அதை மறந்துவிட்டால் யாராவது நினைவூட்டட்டும். ஒரு பிரதி வகுப்பு ஆசிரியையிடமும் மற்றொரு பிரதி பள்ளி நூலக அலமாரியிலும் இருக்கும். இதுவரை முப்பத்தொரு பேர் எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் தேர்வுக்கு முன் எழுதிவிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதியை எழுதியிருக்கிறோம். நம்மில் ஒருத்தி மருத்துவராகலாம். ஒருத்தி மடத்தில் சேரலாம். ஒருத்தி கடையில் துணி மடிக்கலாம். ஒருத்தி அடுப்படியில் நிற்கலாம். எவள் எங்கே நின்றாலும், தோழி எழுதினால் பதில் எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

இன்று ரசம் வைத்தேன் என்றாவது எழுது, தோழி. நான் ஆவலோடு படிப்பேன்.